அரசமரத்தில் கட்டிய கயிறுகள்

பீடோங்,
ஐப்பசி, 1947

அன்புள்ள மகன் துரைசிங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நல்ல சுகம். பகாங் காட்டில் நிலம் அளக்கும் நீயும் காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்கவேண்டுமென்று பிள்ளையாரை மன்றாடுகிறேன். கரடி வந்து கூடாரத்து அரிசியையும் கருவாட்டையும் தின்றுவிட்டது, சாமானை மரத்தில் தொங்கவிடப் பாரமில்லாத கயிறு பார்த்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். கயிற்றைக் கடைக்காரன் சொல்லை நம்பி வாங்கக்கூடாது. ஆகையால் சந்தையில் விதவிதமாக வாங்கிவந்து நானே சோதித்தேன். ஆள் எட்டாத உயரத்தில் நேரான கிளை உள்ள மரம் இந்த ரப்பர்த் தோட்டத்தில் கூலி லயத்துப் பக்கமுள்ள முனியாண்டி கோயில் அரசமரம் ஒன்றுதான். உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் பொட்டலம் கட்டினேன். ரேஷன் அரிசியை மழையில் நனைக்க மனம் வராமல் உள்ளே கல்லை வைத்து, வீட்டுவேலைக்கு வரும் செல்லாயியைக் கொண்டு கயிற்றுக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். தேங்காய்த் தும்புக் கயிறு நனைந்ததும் இரட்டிப்புப் பாரம். பருத்திக் கயிறு ஊதி, முடிச்சு அவிழவில்லை. மீன்பிடிக் கயிறு கையை அறுக்கிறது. சண்டைக்குப் பிறகு சந்தைக்கு வந்திருக்கும் பாராசூட் கயிறுதான் மெல்லியது, பலமானது, நீர் குடிக்காதது.

மறுநாள் போய்ப் பார்த்தால் மரம் முழுக்கப் பொட்டலங்கள். கல் வைத்துத் துணித்தொட்டில் கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பது இவர்களுடைய நேர்த்திக்கடனாம். ஆபீஸ் பெரிய கிராணி வீட்டம்மாவே கட்டிவிட்டார்கள் என்று என்னைப் பார்த்துப் பால்வெட்டும் பெண்கள் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள். செல்லாயியைக் கேட்டால், நானும் அப்படித்தாம்மா நெனச்சேன், தம்பிக்கு ஒண்ணு பத்தாதுன்னு நாலா கட்டுறீங்களாக்கும்னு வாய மூடிக்கிட்டேன் என்கிறாள்.

இந்தச் செய்தி கூலிம் வரை போய்விட்டது. உனக்குப் பேசியிருக்கும் கமலாம்பிகையின் தகப்பன், ஆஸ்பத்திரி டிரெசர் நடராஜா, பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார். கலியாணம் ஆகாத பெடியனுக்கு ஏனம்மா தொட்டில், காட்டுக்குள்ளை ஆரை வைச்சிருக்கிறான், உள்ளதைச் சொல்லுங்கோ, சம்பந்தம் இப்பவே முறியட்டும் என்றார். நான் அதைக் கரடிக்காகக் கட்டினேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதுக்கே இன்னும் மோசமாகப் பட்டது.

என் பொட்டலங்களை இறக்கி, நாலும் நாலு விதக் கயிறு என்று காட்டலாமென்று அவர்களை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். கயிற்றில் கை வைத்ததும் இராசாத்தி என்ற பால்வெட்டுக்காரி ஓடிவந்து, அவுக்காதீங்கம்மா, அது பக்கத்துலதான் என் தொட்டிலு இருக்கு, வர்ற புள்ள திரும்பிப் போயிடும் லா என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடராஜா குடையை விரித்துப் புறப்படத் தயாராகிவிட்டார். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதற்குள் கமலாம்பிகை கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். பாராசூட் கயிறு வழுக்குது, முடிச்சிலை இன்னொரு சுற்றுப் போடவேணும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, கரடி மரம் ஏறுமே மாமி, அடிமரத்துக்குக் கிட்டத் தொங்கினால் ஏறி எடுக்காதோ, இரண்டு மரத்துக்கு இடையிலை கயிறு கட்டி நடுவிலை தொங்கவிடச் சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டாள். அது எனக்குத் தோன்றவில்லை என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். மாமி என்று அவள் சொன்னதைத் தகப்பனும் கேட்டார். குடையை மடக்கி, தேத்தண்ணி ஏதும் கிடைக்குமோ என்றார்.

தையில் முகூர்த்தம் பார்த்திருக்கிறோம். இரண்டு மரத்துக்கும் எட்டும் நீளத்தில் கயிறு இத்துடன் வருகிறது. லீவுக்கு இன்றைக்கே எழுதிப் போடு, உன் வெள்ளைக்காரத் துரை கேட்டால் காரணத்தைச் சுருக்கமாகச் சொல். பிள்ளையார் துணையிருந்து உன்னைக் காப்பாராக.

உன் அன்புள்ள அம்மா,
சிவபாக்கியம்