பூந்தோட்டக் கதை யாருக்கு?

என்னங்க,

நேற்று நம் வீட்டு வகுப்பில் ஜன்னலோரம் ஹுஸ்னா, பக்கத்தில் தமிழ்மதி, பீரோவை ஒட்டி அய்யனார், நாற்காலியில் நீங்கள். இங்கிலீஷ் படிக்க வரும் இந்த மூவருக்கும் அவரவர் வீட்டுச் சாயலில் கதைப்புத்தகம் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருந்தேன். தமிழ்மதி பூந்தோட்டக் கதையைத் தள்ளிவிட்டாள். "விடியுமுன்ன எந்திரிச்சுப் பூப்பறிக்கிறது பத்தாதா டீச்சர், இங்கிலீஷ்லயும் பறிக்கணுமா?" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அந்தக் கோபத்தில்தான் இரவு பேசவில்லை.

ஹுஸ்னாவோ நோன்புக் கதையை விட்டுவிட்டு அந்தப் பூந்தோட்டத்தைக் கேட்டாள். வாயே திறக்காத அய்யனார் நோன்புக் கதையை எழுத்துக்கூட்டி வாசித்து, படத்திலிருந்த பிள்ளையைக் காட்டி, "தண்ணிகூடவா குடிக்காது இந்தப் புள்ள?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து வாங்கும் புத்தகங்களைத் தப்பாக வாங்கினால் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியவனும் மூடி வைத்துவிடுவான்.

சோறு ஆக்கியாயிற்று. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் அவரைக்காய். கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு ஜெய்தூன் மாமியிடம் கொடுங்கள்.

பி.கு.: யாருக்கு எது என்று பிரிக்காமல் எல்லா வகைக் கதைகளையும் பொதுவாகக் கேட்டு மதுரைப் புத்தகக் கடைக்கு எழுதிவிட்டேன். சரிதானா என்று இன்னும் குழப்பம்தான். கவரை ஒட்டவில்லை. நீங்கள் ஒருமுறை படித்துவிட்டு, ஒட்டி, கூரியரில் போட்டுவிடுங்கள்.