கத்தக்கூடாத ஆட்டம்

1903 மார்ச் 10, செவ்வாய்

நாள் முழுக்கக் காதில் டெலிபோன். ஊரே என் காதுக்குள் இருமுகிறது. கல்லூரியை விட்டு வந்தது இதற்கா? அங்கே மணியடித்தால் எழு, மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் விளக்கை அணை. அதற்கு இந்த எக்ஸ்சேஞ்ச் வேலை தேவலை. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஜனவரியில் நானேதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை கூடைப்பந்து. எங்கள் முதல் வருஷத்துக்கு எதிரே இரண்டாம் வருஷம்.

‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 14, சனி

கோரா வந்தாள். கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்தவள். மூன்று கட்டமாகப் பிரித்த ஆடுகளத்தின் நடுக்கட்டத்தில் என் இடத்தில் இப்போது அவள்தான் ஆடுகிறாள். ஆட்டத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தாள்.

“எங்க கூட்டத்தோட கலந்து உள்ள வந்துடு. வெளியாளுன்னு தெரிஞ்சா மிஸ் தார்ன் வாசல்லயே நிறுத்திடுவாங்க.”

வெளியாள். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் சொதப்பவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. என்ன செய்ய, இருக்கிறது.

மார்ச் 18, புதன்

பச்சை ரிப்பன் வாங்கினேன். எங்கள் வகுப்பின் நிறம்.

மார்ச் 21, சனி

ஆட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன்.

விளையாட்டுக் கூடத்தின் மேல்மாடம் முழுக்கப் பெண்கள். ஆண் வாடையே கிடையாது. ஒரு பக்கம் பச்சை, எதிர்ப்பக்கம் சிவப்பு. கத்தக்கூடாது, கைதட்டக்கூடாது. பெண்கள் கத்தினால் நாகரிகமில்லையாம். ஒருத்தி கத்தினாலும் அவள் வகுப்பு முழுக்க வெளியே போகவேண்டும். உடற்பயிற்சி ஆசிரியை மிஸ் தார்னின் சட்டம். அதனால் பாடுகிறார்கள். கோல் விழுந்ததும் அந்த வகுப்பு மொத்தமும் ஒரே குரலாக எழும்புகிறது. என் நெஞ்செலும்பு அதிர்ந்தது. கீழே பயிற்சி செய்துகொண்டிருந்தபோது இதையெல்லாம் நான் நினைத்தே பார்த்ததில்லை.

பிறகு கோரா. பந்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஆடுபவள் தன் கட்டத்தை விட்டு கால் வைக்கக்கூடாது. அவள் கோட்டின் விளிம்பிலிருந்து எம்பினாள், உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் காற்றில், ஒற்றைக் கையால் பந்தைத் திருப்பி உள்ளே எறிந்துவிட்டுத்தான் விழுந்தாள். நானாக இருந்தால் விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன்.

கத்திவிட்டேன். அவள் பெயரை, தொண்டை கிழிய.

விசில். கூடம் செத்துப்போனது.

“யாரது? எந்த வகுப்பு?” என்றார் மிஸ் தார்ன்.

எழுந்தேன். “எந்த வகுப்பும் இல்ல மிஸ். நான் இங்க படிக்கல. என்னை மட்டும் வெளிய அனுப்புங்க.”

கீழே கோரா முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவ எங்க வகுப்புதான் மிஸ்.”

“அவதான் விலகிட்டாளே.”

“விலகினது அவ. நாங்க விடல.”

‘ஐயோ, வாயை மூடுடி’ என்று மனசுக்குள் கதறினேன். மிஸ் தார்ன் மாடத்தின் பச்சைப் பக்கம் திரும்பினார். பிறகு கதவைக் காட்டினார். பச்சை ரிப்பன்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி மட்டும் என் முதுகில் தட்டி, “நகருடி ஹெட்டி, உன் பாவாடையை மிதிச்சு உருளப்போறேன்” என்றாள்.

ஆடுகிறவர்கள் மட்டும் உள்ளே. வெளியே சேறும் பனியும். ஜன்னலுக்குக் கீழே நின்று பாடினோம். வெளியே போ என்றுதானே சொன்னார், பாடாதே என்று சொல்லவில்லையே? உள்ளே விசில் கேட்டு, பின்னால் பாட்டு வந்தால் கோல் சிவப்புக்கு. பாட்டே வராவிட்டால் எங்களுக்கு. ஒவ்வொரு விசிலுக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த அமைதி வருமா என்று காத்து நின்றோம். ஜெபக்கூடத்தில்கூட நான் அப்படி நின்றதில்லை.

ஒரு கோலில் தோற்றோம்.

கோரா வெளியே வந்தாள். முழங்கை வீங்கியிருந்தது. என்னால்தான் என்று ஆரம்பித்தேன். கேட்கவே இல்லை.

“என் பேரை யாரும் அப்படிக் கத்தினதில்லடி” என்றாள்.

மார்ச் 22, ஞாயிறு

ஒருத்தியாவது என்னை முறைத்திருக்கலாம். ஏன் முறைக்கவில்லை?

ஏப்ரல் 6, திங்கள்

போன வாரம் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். செப்டம்பரில் புதிதாக வருகிறவர்களோடு சேர்வது சுலபமாம். பழைய வகுப்போடுதான் என்றால், விட்டுப்போன பாடமெல்லாம் படித்து ஜூன் பரீட்சையில் தேறவேண்டும். யோசித்துச் சொல் என்றார்கள். பழைய வகுப்புதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் வேலையை விட்டேன்; இன்று அங்கே என் நாற்காலியில் வேறொருத்தி. இதைக் கோராவின் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதி மேசைதான் எனக்கு. முழங்கை இடிக்கிறது என்று திட்டுகிறாள்.