ஒன்பது அசைகளில் என் வேலை

மார்ச் 3, திங்கள், காலை 6.50. அசைகள் ஒன்பது.

இ – லெக் – ட்ரோ – என் – செஃப் – அ – லாக் – ர – ஃபி. மூளையின் மின்னலைகளைப் பதிவெடுப்பதற்கு முழுப்பெயர். அதுதான் என் வேலை. வெள்ளிக்கிழமை மருத்துவர்கள் கூட்டத்தில் அதைப் பற்றி நான் பேச வேண்டும். எனக்குத் திக்குவாய். அதனால் என்ன?

தலையில் ஒட்டிய மின்முனை வியர்வையில் தளர்ந்தால் பொய் அலை வரும். அதை வலிப்பு என்று படித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பேருந்து ஓட்டுநருக்கு வேலையே போகப் பார்த்தது. தளராமல் ஒட்ட வழி கண்டுபிடித்தவன் நான். நான்தான் பேசுவேன்.

மார்ச் 4

தலைமை மருத்துவர் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நீ திரையில படத்தை மட்டும் மாத்திக்கிட்டு இருப்பா. பேச்சை ஜூனியர் டாக்டர் பாத்துக்குவார். உனக்கும் சிரமம் இல்ல."

"எனக்கு சி-சிரமம் இல்ல சார். கேக்கறவங்களுக்குத்தான்."

அவர் சிரிக்கவில்லை. "சரி, உன் இஷ்டம். பத்து நிமிஷம்தான்."

ஜூனியர் ஒரு மின்முனையைக்கூடத் தொட்டதில்லை. குறுக்குக் கேள்வி வந்தால் என்ன சொல்வார்? கூரையைப் பார்ப்பார்.

மார்ச் 5

அக்கா போனில்: "ஈஈஜின்னு சுருக்கமா சொல்லிட்டுப் போயேன்டா."

"நான் ஆரம்பிச்சா எத்தனை ஈ வரும்னு எனக்கே தெரியாதுக்கா."

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

மார்ச் 6

வார்டு சிஸ்டரிடம் அந்த ஒன்பது அசையையும் சொல்லிக் காட்டினேன்.

"என்னப்பா, ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் ஏன் ஒரே மாதிரி அழுத்தற? 'லாக்'ல அழுத்து. மத்ததெல்லாம் அதுவா உருண்டுடும்."

தொழில் புத்தி. எல்லா மின்முனைகளையும் ஒரே அழுத்தத்தில் ஒட்டி ஒட்டி, வார்த்தையையும் அப்படியே ஒட்டி வைத்திருக்கிறேன். மடையன்.

மார்ச் 7, வெள்ளி, மாலை

'செஃப்'பில் மாட்டிக்கொண்டேன். முன்வரிசையிலிருந்து ஜூனியர், ரொம்பப் பரிவாக, முழு வார்த்தையையும் எனக்காகச் சொல்லி முடித்தார். தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"நா-நானே சொல்றேன் டாக்டர்."

முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடியும் 'செஃப்'. நின்றால் நிற்கட்டும் – யாருக்கு அவசரம்? அறையே காத்திருந்தது. வந்தது. 'லாக்'கில் அழுத்தினேன். உருண்டது.

பத்து நிமிடம் இருபதாகிவிட்டது. தலைமை மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "எல்லா வார்டுலயும் இப்படியே ஒட்ட எப்பலேருந்து சொல்லிக்கொடுப்ப?"

இனி:

1. திங்கள் காலை எல்லா வார்டு ஊழியர்களுக்கும் வகுப்பு. நானே பேசுவது.

2. ஜூனியரை வரச்சொல்லி, அவர் கையாலேயே ஒரு தலை முழுக்க ஒட்ட வைப்பது.

3. யார் பத்து நிமிடம் என்றாலும் இருபது கேட்பது. எனக்கு அவ்வளவு ஆகும்.