குதிரைக்கல் நட்ட பிறகு

எனக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும் தேனு அக்காவுக்கு,

வாய்க்காலில் இப்போது தண்ணீர் இல்லை. மதகை அடைத்துவிட்டார்கள். சேறு காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருக்கிறது. தொட்டிப்பாலத்தின் அடியில் நாய்கள் படுத்திருக்கின்றன. மாட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்ற உன் சைக்கிளை நேற்று அப்பா வெளியே எடுத்தார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. நீ போனது எப்படி என்று உனக்குத் தெரியுமா, அக்கா? தெரிந்துகொள்ள நேரம் இருந்ததா?

அப்பா இப்போது துண்டு போடுவதில்லை. கொல்லையில் உழவுக்குப் போனாலும், சாவு வீட்டுக்குப் போனாலும் வெறும் தோள். வியர்வையைச் சட்டைக் கையில் துடைத்துக்கொள்கிறார். வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை. "சோறு போடட்டுமா?" "ம்." பல நாட்கள் இந்த அளவிலேயே முடிந்துவிடுகின்றன.

*

நீ அறிந்த ரோடுதான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரை ஒட்டிப் போகும் வாய்க்கால் பழையது. யார் வெட்டியது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை. வெள்ளைக்காரன் என்பார்கள். அவனுக்கும் முந்தைய பாளையக்காரன் என்பார்கள். கரைமேல் ஒரு ரோடு. வாய்க்காலைப் பார்வையிட வந்தவர்கள் குதிரையில் போகப் போட்டது. ரோட்டின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு கருங்கல் தூண்கள் நின்றன. நடுவில் குதிரை நுழையும். வண்டி நுழையாது. வண்டிச் சக்கரம் கரையை அறுத்துவிடும் என்ற பயம். குதிரைக்கல் என்று பேர். குதிரைகள் போய்விட்டன. கல் நின்றது. அதனால் எங்கள் காலம் வரை அந்த ரோட்டில் ஹாரன் சத்தம் கிடையாது. புளியமர நிழல், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் ராகி.

கல் உடைக்கும் கிரஷருக்கு ஓடும் டிப்பர் லாரிகள் செக்போஸ்டுக்குத் தெரியாமல் போக ஒரு வழி தேடின. ஓர் இரவு கற்கள் சாய்ந்தன. யார் சாய்த்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால், கல் போன பிறகு எங்கள் டிராக்டர்களும் கொல்லை வரை வந்தன. அந்த வசதி ஊருக்குப் பிடித்துப்போனது.

நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, அங்கே வாங்கிய, ஹேண்டில்பார் கீழே வளைந்த பழைய ரேஸ் சைக்கிளோடு திரும்பி வந்தது அதற்கும் பிறகுதான். பென்னாகரத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை வேலை. அதற்குக் கிளம்பும் முன், விடியலில், கரை ரோட்டில் அணை வரை ஒரு சுற்று. பகலில் அங்கே டிராக்டரும் குறைவு. விடியலில் ஒன்றுமே இல்லை.

"ஹைவேல நான் இருக்கறதே யாருக்கும் தெரியாதுடா" என்றாய் ஒருமுறை. "லாரி காத்துலயே என்னத் தள்ளிட்டுப் போவுது. அவன் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. இங்க நான் தும்முனாக்கூட கொல்லையில இருந்து யாராச்சும் கேக்கறாங்க."

கேட்டார்கள். பக்கத்துக் கொல்லை மாதம்மா அத்தை தினமும் கேட்டாள்.

"ஏம்புள்ள, கெடாக்கொம்பு சைக்கிள்ல எங்க போற?"

"அணை வரைக்கும் அத்த."

"அங்க என்னா வேல?"

"ஒரு வேலயும் இல்ல. திரும்பி வர்றதுக்குத்தான்."

"அதுக்கா இம்மாம் வேர்வ? அந்த வேர்வய எங்க கொல்லையில உட்டிருந்தா ரெண்டு பாத்தி களை எடுத்திருக்கலாம்."

லீவுக்கு வரும்போது நான் அப்பாவின் கேரியர் சைக்கிளில் உன் பின்னால் வருவேன். "என் பின்சக்கரத்த ஒட்டி வா, காத்து உனக்கு அடிக்காது" என்பாய். நான் பார்த்தது உன் முதுகை மட்டும்தான். இப்போதும் உன் முகம் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. முதுகு வருகிறது.

*

டிப்பர்கள் இரவில் வந்தன. கரை சரியத் தொடங்கியது. ஊர் கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. போர்வெல்லில் மோட்டார் இறக்கும் இரும்பு ரோப்பை இரண்டு புளியமரங்களுக்கு நடுவே குறுக்கே கட்டுவது. இருட்டினால் கட்டு, விடிந்தால் அவிழ். பகலில் டிராக்டர் போக வேண்டுமே. யாருக்குத் தண்ணீர் முறையோ அன்று அவர்களுக்கே ரோப்பும் முறை. கட்டியவர் தன் வெள்ளைத் துண்டை ரோப்பின் நடுவில் தொங்கவிடுவார். துண்டு இருந்தால் ரோடு மூடியிருக்கிறது. துண்டு இல்லையென்றால் திறந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். உனக்கும் தெரியும்.

அன்று நம் முறை. மார்கழிப் பனி. விடிகிற நேரம் அப்பா அவிழ்க்கப் போனார். முதலில் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். குளிர். முடிச்சில் கை வைக்கும்போது கீழேயிருந்து மாதம்மா அத்தை கத்தினாள்.

"அண்ணோவ், உங்க மடை ஒடச்சிக்கிச்சு! எங்க வெங்காயமெல்லாம் முழுவுது!"

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு மடையை அடைக்கிற நேரம்தான்.

கிளினிக்கில் சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று நீ அன்று முன்னதாகவே கிளம்பியிருக்கிறாய். பனிக்குள் வெள்ளையைத் தேடியிருப்பாய். வெள்ளை இல்லை. குனிந்திருப்பாய். அந்த நேர்ப் பாதையில் நீ எப்போதும் குனிந்து வேகம் எடுப்பாய். டிப்பரின் முகத்துக்கு அளவெடுத்துக் கட்டிய ரோப். குனிந்தவளுக்கு அது கழுத்து.

சைக்கிள் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் தனியாகப் போயிருக்கிறது. அறுத்த ராகிக் கொல்லையில் சாய்ந்து கிடந்தது. ஒரு கீறல் இல்லை.

நான் சென்னையில் இருந்தேன். பல்கலைக்கழக நூலகம் திறக்கக் காத்திருந்தேன். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எனக்கு வாக்கியம் வரவில்லை.

*

போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எனக்குக் கோவிந்தன் சித்தப்பா சொன்னார்.

"ரோப்பு கட்டுனது யாரு?"

"நாந்தானுங்க" என்றாராம் சித்தப்பா. "அன்னிக்கு எம்மொறைங்க."

பின்னால் நின்ற இன்னொரு ஊர்க்காரர் முன்னால் வந்தாராம். "அவருக்கு மொதநாளுங்க. அன்னிக்கு எங்களுது."

"ஒரே நாள்ல எத்தன பேருக்குய்யா மொறை?"

அப்பா எழுந்தாராம். "எம்மொறைங்க. துண்டும் என்னுதுதான்." தலையில் இருந்ததை அவிழ்த்து மேசைமேல் வைத்தாராம். ரோப்போடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு நடக்கிறது. அப்பா வாய்தாவுக்குப் போகிறார், பஸ்ஸில், ஜன்னலோரம் உட்காராமல்.

ரோப் போன பிறகு டிப்பர்களுக்கு இரவு என்ற கணக்கும் இல்லை. பட்டப்பகலில் வருகின்றன. உன் நேர்ப் பாதை குழி குழியாகிவிட்டது. தொட்டிப்பாலத்தின் பக்கம் கரை ஓரிடத்தில் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. புளியிலை மேலெல்லாம் வெள்ளைப் புழுதி. மாதம்மா அத்தை இப்போது சுற்று வழியாகத்தான் கொல்லைக்குப் போகிறாள். டிப்பருக்குப் பயந்து என்கிறாள். டிப்பருக்கு மட்டும்தானா?

*

போன வாரம் நம் வாசலில் எல்லோரும் வந்து நின்றார்கள். யாரும் உட்காரவில்லை.

"கேக்கவே நாக்கு எழ மாட்டேங்குது அண்ணி" என்றார் கோவிந்தன் சித்தப்பா. "கரை போச்சுன்னா கடமடைக்குச் சொட்டுத் தண்ணி வராது. மறுபடியும் ரோப்பு கட்டலாமான்னு... உங்க வூட்ல சரின்னாத்தான்."

அம்மா உள்ளேயிருந்தே சொன்னாள். "கட்டுங்க."

கொஞ்சம் கழித்து, அதே குரலில்: "மொறை மட்டும் இவருக்கு வெக்காதீங்க."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கை தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கை இறங்கியது.

"ரோப்பு வேணாம்" என்றார். "கல்லு நடலாம். பழயபடி."

நீ போன பிறகு நான் கேட்ட அவருடைய முதல் முழுப் பேச்சு அது.

"கல்லு நட்டா டிராக்டர் எப்பிடிங்ணா வரும்?" என்றார் ஒருவர்.

"வராது."

"அப்ப தக்காளிக் கூடய எல்லாம் ரோடு வரைக்கும் தலையிலயா சொமக்கறது? எருவு? நாத்து?" கேட்டவர் நியாயமாகத்தான் கேட்டார். அவருக்கு முழங்காலில் வலி. பையன் ஓசூரில் கம்பெனி வேலை. சுமக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

கடைசியில் நின்ற மாதம்மா அத்தைதான் சொன்னாள்.

"சொமக்கலாம். அன்னிக்கு அந்தப் புள்ளயக் கட்டில்ல வெச்சு வூடு வரைக்கும் சொமந்தமே. அதவிடக் கனமா கூட?"

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எல்லாம் என் வெங்காயத்துக்கு" என்றாள், யாரிடமும் இல்லை. போய்விட்டாள்.

*

சாய்த்த கற்களை டிப்பர்காரர்கள் வாய்க்காலுக்குள் தள்ளியிருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வற்றியதால் நேற்று தேட முடிந்தது. நம் முனையின் இரண்டும் காய்ந்த சேற்றில் கிடந்தன. ஒன்று பாதியில் உடைந்திருந்தது. மறுமுனைக் கற்கள் கிடைக்கவில்லை. ஒரு முனை மூடினாலே போதும் என்றார் சித்தப்பா. கரைமேல் டிப்பர் திரும்ப முடியாது. கயிறு கட்டி இழுத்தோம். கழுவியபோது உளித் தடம் தெரிந்தது. கல்லை நகர்த்தி வைக்க இடம் விட்டு அகலமாகக் குழி தோண்டியாயிற்று. எவ்வளவு இடைவெளி விடுவது? அங்கேதான் சண்டை.

"எக்ஸெல்லு வண்டி பால் கேனோட போவணும்."

"சினை மாடு வயிறு ஒரசாமப் போவணும்."

"ரொம்ப உட்டா சின்ன யானை லோடு வண்டி பூந்துரும்டா."

"அந்தக் காலத்துல எவ்ளோ உட்டாங்களாம்?"

"போயி குதிரையக் கேளு."

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். சிரிப்பு அப்படியே நின்றது. சிரித்திருக்கக் கூடாது என்று எல்லோர் முகத்திலும் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது உன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயர்களில் காற்று இல்லை. பின்சக்கரம் மட்டும் கிர்ரென்று, நீ வீடு திரும்பும்போது கேட்கும் அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே வந்தது. அந்தச் சத்தத்துக்கு அம்மா வாசல் வரை வந்துவிட்டாளாம். பிறகுதான் சொன்னாள்.

அப்பா இரண்டு குழிகளுக்கும் நடுவில் சைக்கிளை நிறுத்தினார். பிறகு அதன் பக்கத்தில் அவர் நின்றார், ஹேண்டில்பாரில் ஒரு கை வைத்து. மேட்டில் ஏற முடியாதவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பார்களே, அப்படி. ஒரு சைக்கிளும், கூடவே நடக்கிற ஒரு ஆளும்.

"இவ்ளோ" என்றார்.

சித்தப்பா கடப்பாரையால் இரு பக்கமும் கோடு போட்டார். மாடு போகுமா என்று யாரும் கேட்கவில்லை. போகும்.

ஒரு ஜேசிபி வந்தால் இந்தக் கற்கள் சற்று நேரம்கூடத் தாங்காது. தெரிந்துதான் நட்டோம். முழங்கால் வலிக்காரரும் ஜல்லி சுமந்தார்.

எல்லோரும் போன பிறகு கான்கிரீட்டின் மேல் அப்பா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் குடம் எடுத்துக் கொடுத்தேன். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தொறந்திருக்குன்னு நெனச்சுத்தான வந்திருப்பா?"

"ஆமாப்பா."

"என்ன நம்பி."

ஆமாம் என்றால் அவரைக் கொல்வது. இல்லை என்றால் உன்னைப் பற்றிப் பொய் சொல்வது. நான் அடுத்த குடத்தை எடுத்துக் கொடுத்தேன். உனக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்குமா? அவர் முகத்தைப் பார்த்து நீ என்ன சொல்லியிருப்பாய்?

*

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். மறுபடி மதகு திறப்பார்கள். முறை சுற்றி நம் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு முறைக்கும் முந்தின நாள் நான் சென்னையிலிருந்து வந்துவிடுவேன். படிப்பு கெட்டால் கெடட்டும். அப்பா மடையில் குனிந்து நிற்கும்போது உன் சைக்கிளில் அந்தக் கற்களின் நடுவே போவேன். மெதுவாக, பின்சக்கரத்தின் சத்தம் அவருக்குக் கேட்கிற மாதிரி. அவர் நிமிர்ந்து பார்க்கலாம். பார்க்காமல் இருக்கலாம். கற்கள் மறுபடி சாய்ந்திருந்தாலும் போவேன்.

அணை வரை போவேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி வருவதற்குத்தான்.

உன் பின்சக்கரத்தை ஒட்டியே இன்னும் வந்துகொண்டிருக்கும்
உன் தம்பி