இடப்பக்கத்துக் கிளாஸ்

என் வாயாடிக்கு,

நான் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். நீயும் அத்தையும் சுகம்தானே? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா?

எங்கள் பீர் ஆலையில் தொட்டி கழுவுகிறவன்கூடப் புதுச் சரக்கை ருசி பார்த்தே ஆக வேண்டும். அதனால் திட்டாதே. போன வாரம் சேஸோன் என்று ஒரு காட்டமான பீர் தயாரானது. மேஜையில் வரிசையாக ஊற்றி வைத்திருந்தார்கள். என் இடப்பக்கம் இருந்ததை எடுத்து மடக்கென்று குடித்துவிட்டேன். முதலில் மிளகுக் காரம், பிறகு ஆரஞ்சுத் தோல், ஈர வைக்கோல். கிளாஸின் விளிம்பு மட்டும் யாரோ அப்போதுதான் வாய் வைத்தது போல் வெதுவெதுப்பாக இருந்தது.

நிமிர்ந்தால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். என்னுடைய கிளாஸ் எனக்கு முன்னால் அப்படியே நிற்கிறது.

"அது உனக்கு ஊத்தினது இல்லப்பா," என்றார் பீர் காய்ச்சும் மேஸ்திரி. "உனக்கு முன்னாடி தொட்டி கழுவினவரோடது. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. இடது கைக்காரரு, அதான் இந்தப் பக்கம் வைப்போம். யாரும் தொட மாட்டோம்."

"செத்தாலும் தாகம் விடாது போல," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

மற்றபடி நல்லதுதான். எந்தக் குழாய் ஒழுகும் என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

நீ துவைத்த துண்டு ஒன்று அனுப்பு. இங்கே எதிலும் நம் வீட்டு வாசனை இல்லை. கூடவே என் பழைய கடிதம் ஒன்றும் அனுப்பு. என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இதை இடது கையால் எழுதுகிறேன். வலது கைக்கு எழுத்து வரமாட்டேன் என்கிறது.

ஆலை வண்டி வந்துவிட்டது.

இன்னமும் உன் புருஷன்தான்.