அந்த வார்த்தையை உனக்குக் கொடுத்தது யார்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் அந்தக் கிருபைக்குள் வர மாட்டேன் என்கிறது. நீ சுகமா என்று ஒப்புக்குக் கேட்கப் போவதில்லை, இந்தக் கடிதமே அதற்குத்தான். முதலில் என் மானம் போன கதையைக் கேள். இங்கே புதுப் போதகர் வந்திருக்கிறார், ஆளுக்கொரு அட்டை கொடுத்து, ஜெபம் பண்ணி இந்த வருஷத்துக்கு ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள், அதைப் பிடித்துக்கொண்டே வருஷம் முழுக்க நடங்கள், ஒரு வாரம் நெஞ்சிலும் குத்திக்கொள்ளுங்கள் என்றார். நான் எங்கே ஜெபம் பண்ணினேன், பக்கத்து ஆள் அட்டையை எட்டிப் பார்த்து 'மகிழ்ச்சி' என்று எழுதிவிட்டேன். படிப்பு பாதியில் நின்றாலும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. அம்மா அதை என் வேலைச் சட்டையில் ஊக்கு போட்டுக் குத்திவிட்டாள், அப்படியே வாஷிங் மெஷின் பழுது பார்க்கப் போனேன். மூன்றாம் மாடி வீட்டு அம்மா அட்டையைப் படித்துவிட்டு, "உள்ள வாங்க மகிழ்ச்சி அண்ணே, தண்ணி வெளியவே போகமாட்டேங்குது" என்றாள். பம்பைக் கழற்றினேன், உள்ளே நின்ற அழுக்குத் தண்ணீர் மொத்தமும் என் மடியில். "பாத்து மகிழ்ச்சி, பாத்து" என்று அவள் வீட்டுக்காரர் வேறு. என் மூஞ்சியைப் பார்த்து அந்த வீட்டுக் கைக்குழந்தை வீறிட்டது.

என்னை விடு, மற்றவர்கள் கூத்தைக் கேள். சபைப் பொருளாளர் எடுத்தது 'தாழ்மை', அதைத் தங்க எழுத்தில் அடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு, எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் மாட்டச் சொல்லி ஒரு மணி நேரம் சண்டை. உன் பெரியம்மா எடுத்தது 'மௌனம்', அதைச் சொல்ல ஊரெல்லாம் போன் போட்டாள், நம் வீட்டுக்கு மட்டும் மூன்று தரம். 'ஒருமனம்' எடுத்த பாடகர் குழுத் தலைவர் புண்ணியத்தில் இப்போது பாடகர் குழு இரண்டு. துணிக்கடையில் புரட்டிப் புரட்டிப் பொறுக்குவதுபோல் தங்களுக்கு எடுப்பாக இருப்பதைப் பொறுக்குகிறார்கள், உறுத்துகிற வார்த்தையை ஒருவரும் தொடுவதில்லை. நானும்தான்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். போன ஞாயிறு உன்னோடு வேலை செய்யும் பெண்ணின் போனிலிருந்து கூப்பிட்டு, உங்கள் சபையிலும் இதே வழக்கம்தான், போதகர் மனைவியே உனக்கு 'பொறுத்துக்கொள்' என்று எடுத்துக் கொடுத்தார்கள் என்றாயே, அதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளை வாரக்கணக்கில் உன்னோடு பேசுவதில்லை, உன் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார், வேலைக்குப் போவதைத் தவிர தெருமுனைக்குப் போகவும் நீ கேட்டு நிற்க வேண்டும். இது அத்தனையும் தெரிந்துதான் அந்த மகராசி உனக்கு இந்த வார்த்தையை நீட்டினாளா? அவள் வீட்டுக்காரர் அவள் போனை ஒரு நாள் பூட்டட்டும், அப்புறம் அம்மணி எந்த வார்த்தை எடுக்கிறாள் என்று பார்க்கிறேன். மாப்பிள்ளைக்குக் கொடுக்க அவளிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லையாமா? வேதத்தில் எழுந்திரு, புறப்படு என்பதும் இருக்கிறதே, அந்தப் பக்கமெல்லாம் அவள் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டதா?

இந்தக் கடிதத்தை உன் வேலை இடத்து விலாசத்துக்கே அனுப்புகிறேன், அங்கேயே படித்து அங்கேயே வை. பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் எப்போதும் உன் கைப்பையில் இருக்கட்டும், மறக்காதே. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் பக்கத்திலேயே இருந்து உன்னைப் பார்த்துக்கொள்வார், அம்மாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறாள்.

அன்று போனில் நீ அந்த வார்த்தையைச் சொன்னதும், "நல்ல வார்த்தைம்மா" என்றேன். என் வாய் அப்படிப் பழகிவிட்டது. சொல்லாமல் விட்டது இது. மாப்பிள்ளையைப் பார்த்து முடித்தவன் நான், உனக்குப் பிடிக்கவில்லை என்பது அன்றைக்கே உன் முகத்தில் தெரிந்தது, தெரியாதவன்போல் இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. நீ எதையும் பொறுக்க வேண்டாம், கிளம்பி வந்துடும்மா.

உன் அப்பா