காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவருக்கு

அக்கா,

பேனரை விரித்ததும் முதலில் எழுந்தது அதன் வாசனை. புதுப் பிளாஸ்டிக், சரியாகக் காயாத மை. கோயில் வாசலில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். மடிப்புக்குள்ளிருந்து ஒரு காது வந்தது. பிறகு மூக்குக்கண்ணாடி. பிறகு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.

உங்களை வேலையிலிருந்து நீக்கிய அன்று, கரண்ட் வந்திருந்த கொஞ்ச நேரத்தில், உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைத்தான் பார்த்தோம். அப்போது அவர் மின்சார அலுவலகத்தின் பெரிய அதிகாரி. இப்போது அதிபருக்கு ஆலோசகர். பர்மிய எழுத்தில் பெரிதாகவும், கீழே தமிழில் சிறிதாகவும், வருக வருக.

அதிபர் மாளிகையில் மறுபடியும் ஆள்மாற்றம். ஊர் முழுக்கத் திட்டுகிறது. பஸ்ஸில் மெதுவாக. ஃபேஸ்புக்கில் வேறு பெயரில். அரிசி விலை, எண்ணெய் விலை, இருட்டு. எல்லாவற்றுக்கும் மேலிருந்து வரும் பதில் புது நியமனங்கள்தான். மின்சாரத்தைப் பார்த்தவர் மீன்வளத்துக்குப் போகிறார். மீன்வளத்தைப் பார்த்தவர் தூதராகப் போகிறார். செய்தி வாசிக்கும் பெண் அதைச் சீர்திருத்தம் என்கிறாள்.

அவர்களுக்கு மாற்றம் என்றால் வேறு அறை. உங்களுக்கு மாற்றம் என்றால் தெரு.

நீங்கள் மின்சார அலுவலகத்தில் புகார் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலம். நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு நேர் கீழ்வீடு. நம் பேட்டை மிங்கலா தாங்ஞுன்ட்டில் ரயில் போகும்போதெல்லாம் உங்கள் வீட்டுப் பாத்திரமும் எங்கள் வீட்டுப் பாத்திரமும் சேர்ந்து ஆடும். மாலையில் வேலை முடிந்து வந்து, தெருமுனை டீக்கடையின் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு வாங்கிய வசவுகளை எனக்குச் சொல்வீர்கள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.

"மந்திரி கரண்டைத் தின்னுட்டாரான்னு கேக்குறாரு ஒருத்தர். தின்னிருந்தா ஷாக் அடிச்சிருக்குமேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

"அடக்கிட்டு என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? பழுது பாக்குறாங்க, சீக்கிரம் வந்துரும். கிளிக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி கொடுத்திருக்காங்கள்ல."

பழுது எதுவும் இல்லை. பார்ப்பதற்கு ஆளும் இல்லை. அது உங்களுக்குத் தெரியும். போனில் கேட்டவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்டார்கள், நீங்கள் சொன்னீர்கள். மாளிகைக்குப் போக வேண்டிய வசவு முழுவதும் உங்கள் வலது காதில் வந்து விழுந்தது. அந்தக் காது சூடாகிவிட்டது என்று குளிர்ந்த தண்ணீர் டம்ளரை அதில் வைத்துக்கொள்வீர்கள்.

பிறகு ஒரு நாள் ஒரு அம்மா கூப்பிட்டார். யாரென்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை. கைக்குழந்தை அழும் சத்தம் பின்னால். மின் அடுப்பில் வைத்த சோறு பாதியில் நிற்கிறது, எப்போது வரும் என்று கேட்டார். அதட்டவில்லை. திட்டவில்லை. அதனால்தான் உங்களால் பொய் சொல்ல முடியவில்லை என்று பிறகு சொன்னீர்கள்.

நீங்கள் பர்மிய மொழியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எப்ப வரும்னு எங்களுக்கும் தெரியாதும்மா. காத்திருக்காதீங்க. கரி அடுப்புல பொங்கிப் பிள்ளைக்குக் கொடுங்க."

அவர் அதைப் பதிவு செய்திருந்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை என்றே நினைக்கிறேன். யாருக்கோ அனுப்ப, அவர் யாருக்கோ அனுப்ப, இரண்டு நாளில் ஊர் முழுக்க உங்கள் குரல். காத்திருக்காதீங்க. அதற்குப் பாட்டு போட்டார்கள். அதிபரின் படத்தை மேலே ஒட்டினார்கள். அரசாங்கம் முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறது என்று எழுதினார்கள். நானும் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.

மூன்றாம் நாள் அந்தப் பெரிய அதிகாரி தொலைக்காட்சியில் வந்தார். பொறுப்பற்ற ஊழியர்கள் மாற்றப்பட்டுவிட்டார்கள், மக்களின் குறை கேட்கப்பட்டுவிட்டது என்றார். சிரித்தார்.

உங்கள் அறையில் இருந்த மற்ற பெண்களையும் அனுப்பினார்கள். அவர்கள் எதுவும் சொல்லாதவர்கள். அன்று மாலையும் கரண்ட் வரவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் எனக்குக் கதை சொல்லவில்லை. போன் அடித்தால் எடுப்பதற்கு முன் முதுகை நிமிர்த்திக்கொள்வீர்கள். அந்தப் பழக்கம் மட்டும் மிச்சம். அடுத்த மழைக்காலத்தில் படுத்தீர்கள், எழவில்லை. நோயை அவர்கள் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய். கடைசி மாதங்களில் யார் பார்க்க வந்தாலும், கேட்பதற்கு முன்பே, "நான் தப்பா ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்தீர்களே. அதை அவர்கள்தான் கொடுத்தார்கள்.

இப்போது பேனர்.

கோயில் கமிட்டித் தலைவர் செல்லையா மாமா வீட்டுக்கு வந்தார். பேனரில் இருப்பவர் தேர்த் திருவிழாவுக்கு வருகிறார்; வரவேற்புரையை நான் வாசிக்க வேண்டும். என் வயதுப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் காதில் விழும், கண்ணில் ஏறாது. பர்மிய எழுத்தில் தமிழை எழுதிவைத்து வாசிப்பார்கள். தமிழைத் தமிழாகப் பார்த்து வாசிக்க என்னை விட்டால் ஆள் இல்லை.

"மாமா, அந்த ஆள் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும்யா. அந்தப் புள்ள சாவுக்கு மாலை போட்டவன் நான்."

"அப்புறம்?"

"தேர் போக ரோடு வேணும். ரோடு அவுக கையில. உனக்குக் கோவம் இருக்கு. எனக்குத் தேர் இருக்கு. கோவத்த இழுக்க ரோடு வேண்டாம், தேருக்கு வேணும். நான் என்ன செய்யட்டும்?"

காகிதத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். ஒளிவிளக்கே. மக்களின் குறை தீர்க்கும் மாமணியே. எழுதியது அவர்தான். மூங்கிலில் வெள்ளி பூசிய மாதிரித் தமிழ்.

வாசிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். ஏன் என்று உங்களுக்குத்தான் சொல்கிறேன். மேடையில் இருக்கப்போகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. மைக் என் கையில். எது சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பார்கள். ஒளிவிளக்கே என்ற இடத்தில் நான் வேறு வார்த்தை வைத்திருந்தேன். பிறகு இன்னும் இரண்டு. எல்லாம் நம் தெருவில் கற்றவை. காகிதத்தின் ஓரத்தில் எழுதிப் பார்த்தபோது பல நாளுக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

திருவிழா அன்று அவர் வந்தார். மாலை, குடை, வாடகை ஜெனரேட்டர். நான் மைக்கைப் பிடித்தேன். முதல் வரிசையில் பட்டுப் பாவாடையோடு குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் செல்லையா மாமா, கைகூப்பியபடி, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் நீங்கள் சொன்ன ஆள், தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து கூப்பிட்டவர், நினைவுக்கு வந்தார். காத்திருக்கச் சொல்லி நீங்கள் லைனில் நிறுத்தி வைத்திருந்தபோது, பர்மாக்காரி என்று நினைத்து, தமிழில் உங்களை அம்மா வரைக்கும் இழுத்தாரே. முழுக்கக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே சொன்னீர்கள்: "அண்ணே, திட்டுறதுன்னா புரியுற மாதிரித் திட்டணும். அப்பத்தானே நான் பதில் சொல்ல முடியும்?" அவர் போனை வைத்துவிட்டார். டீக்கடையே சிரித்தது.

மைக்கில் நான் வாசித்தது இவ்வளவுதான்: வந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம். தேர் நல்லபடியாகப் போகட்டும். மழை வராமல் இருக்கட்டும்.

ஒளிவிளக்கும் இல்லை, வசவும் இல்லை. கைதட்டினார்கள். அவரும் தட்டினார்.

மேடையிலிருந்து இறங்கும்போது அவரே கூப்பிட்டார். நல்ல பர்மிய மொழி அவருடையது. மென்மையானது. "கேட்க இனிமையாக இருந்தது. என்னைப் பற்றி என்ன சொன்னாய், தம்பி?"

"உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஐயா" என்றேன். பர்மிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக. "ஒன்று கேட்கத்தான் இருந்தது. காத்திருக்காதீர்கள் என்று ஒரு பெண் போனில் சொன்னார். நீங்கள் வேலையைவிட்டு நீக்கினீர்கள். அவர் சொன்னதில் எது பொய்?"

உங்கள் பெயரையும் சொன்னேன். முழுப் பெயர், அப்பா பெயரோடு.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும். நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். பிறகு சிரித்தார்.

"அப்போது நிறையப் பேரை மாற்றினோம்" என்றார்.

அவ்வளவுதான், அக்கா. மறைக்கவில்லை. மறுக்கவில்லை. அவருக்கு நினைவில்லை. இளநீரை வாங்கிக்கொண்டு குழந்தைகள் பக்கம் திரும்பிவிட்டார்.

பின்னால் நின்ற உதவியாளன் என் பெயரைக் கேட்டான். சொன்னேன். எந்தத் தெரு என்றான். அதையும் சொன்னேன்.

தேருக்கு ரோடு கிடைத்தது. செல்லையா மாமா என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார். நேற்று மட்டும் கடக்கும்போது, முகத்தைத் திருப்பாமல், "கொஞ்ச நாள் ஊர்ல இல்லாம இருய்யா" என்றார். அம்மா துணிகளை மடித்து வைத்திருக்கிறாள். போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் அடிகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் கை வைத்துப் பார்த்தால், அந்த ஒரு வாக்கியம் இன்னும் சுடுகிறது. நிறையப் பேர். நிறையப் பேரில் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. நாளை யார் வந்து கதவைத் தட்டி என்னிடம் எதைக் கேட்டாலும், முதலில் அதைத்தான் சொல்வேன். அவர்களுக்குப் புரியும் மொழியில்.